மின்னஞ்சலுக்கு ஒரு சல்லடை

உங்கள் வீட்டுக்கு நாள்தோறும் தபால்காரர் நூறு கடிதங்களைக் கொண்டுவந்து போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் பெரும்பாலானவை நீங்கள் கேளாமலே வந்த விளம்பரங்கள். சில, பணத்தைப் பறிக்கும் நோக்குடன் எழுதப்பட்ட பொய்க் கடிதங்கள். இவற்றுக்கு நடுவே உங்கள் மாமா எழுதிய கடிதம் ஒன்றும், பள்ளியிலிருந்து வந்த அறிவிப்பு ஒன்றும் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? ஆகவே வாசலில் ஒரு காவலாளை நிறுத்தி, "வேண்டாதவற்றை எல்லாம் கொல்லைப்புறக் கூடையில் போட்டுவிடு" என்று சொல்லிவிடுகிறீர்கள். வேலை எளிதாகிவிட்டது. ஆனால் அந்தக் காவலாள் உங்கள் மாமாவை அறியான். அவர் கையெழுத்தையும் அறியான். எதைக் கொண்டு அவன் முடிவு செய்வான்? தவறிப்போய் மாமாவின் கடிதத்தைக் கூடையில் போட்டுவிட்டால், அது உங்களுக்கு எப்படித் தெரியவரும்?

மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கும் ஏறத்தாழ ஒவ்வொருவர் வாசலிலும் இத்தகைய காவலாள் ஒருவன் இன்று நின்றுகொண்டிருக்கிறான். அவன் மனிதன் அல்லன். கணிப்பொறியில் ஓடும் ஒரு நிரல். வடிகட்டி என்று அதனைச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, கோடை விடுமுறையில் ஆய்வுப் பயிற்சி பெறுவதற்காக ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தாள். ஏப்ரல் மாதம் முழுவதும் பதில் இல்லை. கிடைக்கவில்லை போலும் என்று விட்டுவிட்டாள். மே மாதத்தில் ஒருநாள், வேறு எதையோ தேடப்போய், மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியைத் திறந்தாள். "வாழ்த்துகள்! நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்" என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் அவளுக்கான மடல் அங்கே கிடந்தது. பத்து நாட்களுக்குள் ஒப்புதல் தெரிவிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பன்னிரண்டு நாட்கள் கழிந்திருந்தன. இடம், காத்திருந்த வேறொருவருக்குப் போய்விட்டது.

அந்த மடலைக் கைப்பேசியில் எனக்குக் காட்டி அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "இதைக் குப்பை என்று யார் சார் முடிவு செய்தார்கள்?"

மின்னஞ்சல் சேவையாளர் தந்திருந்த விளக்கம் ஒரே வரி: "இது போன்ற மடல்கள் முன்பு குப்பை எனக் கண்டறியப்பட்டுள்ளன." எது போன்ற? எந்த வகையில் போன்ற? அன்று என்னால் அவளுக்குப் பதில் சொல்ல இயலவில்லை. பிறகு தேடிப் படித்தும் நிரல் எழுதிப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இப்பொழுது உங்களுக்குச் சொல்கிறேன்.

குப்பை வந்த வழி

1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள். இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் என்னும் வலையில், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணிப்பொறி நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், தம் நிறுவனத்தின் புதிய கணிப்பொறிகளைக் கலிஃபோர்னியாவில் காட்சிக்கு வைப்பதாக ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே வீச்சில் மடல் அனுப்பினார். யாரும் கேளாமல் மொத்தமாக அனுப்பப்பட்ட முதல் விளம்பர மடல் என்று இதனைத்தான் குறிப்பிடுகிறார்கள். பெற்றவர்களில் பலர் சினம் கொண்டார்கள். 'ஸ்பேம்' என்ற பெயர் பின்னர் வந்தது. அது உண்மையில் டப்பாவில் அடைத்த ஓர் இறைச்சியின் பெயர். 1970இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் நகைச்சுவைக் காட்சி ஒன்றில், உணவு விடுதியில் எதைக் கேட்டாலும் அந்த இறைச்சியே வந்துகொண்டிருக்கும். வேண்டாம் என்றாலும் விடாது வருவதற்கு அப்பெயர் நிலைத்துவிட்டது.

ஏன் இது இவ்வளவு பெருகியது? காரணம் இரண்டு. தபாலில் ஆயிரம் பேருக்குக் கடிதம் அனுப்ப ஆயிரம் தபால் தலை வேண்டும். மின்னஞ்சலில் ஆயிரத்தொன்றாவது மடலுக்கு ஆகும் கூடுதல் செலவு ஏறக்குறைய சுழியே. பத்து இலட்சம் பேரில் பத்துப் பேர் ஏமாந்தாலும் அனுப்பியவனுக்கு ஆதாயம்தான். இரண்டாவது காரணம், மின்னஞ்சல் போக்குவரத்துக்கான விதிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது, 'அனுப்புநர்' என்ற இடத்தில் எழுதியிருக்கும் பெயர் மெய்தானா என்று சோதிக்க அதில் வழி வைக்கப்படவில்லை. ஒருவரை ஒருவர் அறிந்த ஆராய்ச்சியாளர் சிலரே அன்று வலையில் இருந்தனர். சோதிக்கும் முறைகள் பின்னாளில் ஒட்டுப்போடப்பட்டன. அவை 'இந்த மடல் இன்ன இடத்திலிருந்துதான் வந்தது' என்று சொல்லும். 'இது உனக்கு வேண்டிய மடல்' என்று சொல்லமாட்டா.

மதிப்பெண் போடும் காவலாள்

முதலில் எவருக்கும் தோன்றும் வழி, விதி எழுதுவது. தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால் ஐயப்படு. ஆச்சரியக்குறி அடுக்கடுக்காக வந்தால் ஐயப்படு. 2001இல் ஜஸ்டின் மேசன் என்பவர் வெளியிட்ட ஸ்பேம்அசாசின் என்ற நிரல் இவ்வழியில் பெயர் பெற்றது. பெர்ல் என்னும் கணிப்பொறி மொழியில் எழுதப்பட்ட அந்நிரலில் நூற்றுக்கணக்கான விதிகள் உண்டு. ஒவ்வொரு விதிக்கும் ஒரு மதிப்பெண். மடல் எந்தெந்த விதியில் சிக்குகிறதோ அந்த மதிப்பெண்களை எல்லாம் கூட்டி, வழக்கமான எல்லையான 5ஐ அடைந்தால் குப்பை என்று முத்திரை குத்திவிடும். நம் தேர்வுகளில் மதிப்பெண் குறைந்தால் தோல்வி. இங்கே மிகுந்தால் தோல்வி!

இந்த நிரலில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. தீர்ப்பு எழுதும்போதே அதன் காரணத்தையும் அது எழுதிவிடுகிறது. மடலின் மேலே, கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் முகப்பு வரிகளில், மொத்த மதிப்பெண் இவ்வளவு, சிக்கிய விதிகள் இன்னின்னவை என்று பெயர் பெயராகப் பதிவு செய்துவிடும். அந்த வரிகளை எவரும் திறந்து படிக்கலாம். அவ்விதிகள் எழுதப்பட்டிருக்கும் நிரலையும் எவரும் இறக்கிப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். இத்தகைய உரிமையுடன் வெளியிடப்படும் நிரலையே திறந்த மூல மென்பொருள் என்கிறோம். ஸ்பேம்அசாசின் 2004 முதல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்களுள் ஒன்றாக இருந்துவருகிறது.

இதனால் என்ன பயன் என்று கேட்கிறீர்களா? 2010 சனவரி முதல் நாள் நடந்ததைக் கேளுங்கள். குப்பை அனுப்புவோர் சிலர், பெட்டியில் தங்கள் மடல் எப்போதும் மேலே நிற்க வேண்டும் என்பதற்காக, எதிர்காலத் தேதியைப் போட்டு அனுப்புவது வழக்கம். அதைப் பிடிக்க ஸ்பேம்அசாசினில் ஒரு விதி இருந்தது: ஆண்டு '20' என்று தொடங்கி, மூன்றாம் இலக்கம் 1 முதல் 9க்குள் இருந்தால், அது வெகுதொலைவான எதிர்காலம், மதிப்பெண் போடு. 2007இலும் 2008இலும் இது மிகச் சரியான விதி. 2010 பிறந்த அன்று என்ன ஆகும்? அன்று எழுதப்பட்ட நேர்மையான மடலும் எதிர்காலத்திலிருந்து வந்ததாகிவிட்டது! எல்லை 5 ஆக இருக்கும்போது, இந்த ஒரு விதியால் மட்டும் 3.6 வரை மதிப்பெண் ஏறியது. பாவம், புத்தாண்டு வாழ்த்து மடல்கள். இன்னும் சிறிது சறுக்கினால் குப்பைக்கூடைதான்.

ஆனால் ஒவ்வொரு மடலின் முகப்பிலும் அவ்விதியின் பெயர் எழுதியிருந்தது. எந்த விதி, எந்த வரி, எந்த எண் என்பது மறைவாக இல்லை. அன்றைய நாளிலேயே எச்சரிக்கையும் திருத்தமும் வெளியாயின. தவறே செய்யாத நிரல் என்று ஒன்று கிடையாது. இயற்பியல் கருவிகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகியவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். தவறு எங்கே என்று பார்க்க மூடியைத் திறக்க முடிகிறதா என்பதே என் கேள்வி.

பேய்ஸ் பாதிரியாரின் கணக்கு

விதி எழுதுவதில் ஒரு தொல்லை உண்டு. நீங்கள் ஒரு விதி எழுதினால், குப்பை அனுப்புகிறவன் அதைத் தாண்ட ஒரு வழி கண்டுபிடிப்பான். 2002 ஆகஸ்டில் பால் கிரகாம் என்ற அமெரிக்க நிரலாளர் ஒரு கட்டுரையில் வேறொரு திட்டத்தை முன்வைத்தார். விதிகளை நாம் எழுத வேண்டாம்; நல்ல மடல் ஒரு குவியல், குப்பை மடல் ஒரு குவியல் எனக் கணிப்பொறியிடம் கொடுத்துவிட்டால், எந்தச் சொல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அதுவே எண்ணிக் கற்றுக்கொள்ளட்டும் என்றார். ஒவ்வொரு குவியலிலும் ஏறத்தாழ 4000 மடல்களைத் தந்து அவர் செய்து பார்த்தார். (மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் உட்பட ஒரு குழுவினர் 1998லேயே இக்கருத்தைக் கட்டுரையாக எழுதியிருந்தனர். ஆயினும் நிரலாளர் பலரைத் தூண்டிவிட்டது கிரகாமின் கட்டுரையே.)

இதன் அடிப்படை, தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் தேற்றம். வகுப்பில் இப்பெயரைச் சொன்னவுடன் கடைசி வரிசையில் சிரிப்பு எழுவது வழக்கம். பேய்க்கும் இவருக்கும் தொடர்பில்லை. 1761இல் அவர் இறந்தபின், நண்பர் ரிச்சர்டு பிரைஸ் அவருடைய தாள்களிலிருந்து எடுத்து அனுப்ப, 1763இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அது அச்சாயிற்று. ஒரு சான்று கிடைத்தபின் நம் நம்பிக்கையை எவ்வளவு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்கு அது கணக்குச் சொல்கிறது.

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 100 நல்ல மடல்களும் 100 குப்பை மடல்களும் இருப்பதாகக் கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. 'பரிசு' என்ற சொல் குப்பையில் 40 மடல்களிலும், நல்லவற்றில் 2 மடல்களிலும் இருக்கிறது. அப்படியானால் 'பரிசு' உள்ள மடல்கள் மொத்தம் 42. அவற்றுள் 40 குப்பை. ஆகவே அச்சொல் கொண்ட புதிய மடல் குப்பையாக இருப்பதற்கான நிகழ்தகவு 40/42, அதாவது 0.95. இதை மட்டும் பார்த்தால் தூக்கி எறியத்தான் வேண்டும். பொறுங்கள். அதே மடலில் 'தேர்வு' என்ற சொல்லும் இருக்கிறது. அது குப்பையில் 3, நல்லவற்றில் 27, ஆக 0.10. 'ஆய்வகம்' என்ற சொல்லும் இருக்கிறது. அது குப்பையில் 1, நல்லவற்றில் 19, ஆக 0.05.

மூன்று சான்றையும் எப்படிச் சேர்ப்பது? சராசரி எடுப்பதன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் 'குப்பைக்கு எத்தனை, நல்லதற்கு எத்தனை' என்ற விகிதத்தை எடுத்துப் பெருக்க வேண்டும். 'பரிசு' 40க்கு 2, அதாவது 20 மடங்கு. 'தேர்வு' 3க்கு 27, அதாவது 1/9. 'ஆய்வகம்' 1/19. பெருக்கினால் 20/171, ஏறத்தாழ 0.117. விகிதத்தை நிகழ்தகவாக மாற்ற, அதனுடன் 1ஐக் கூட்டி அந்தத் தொகையால் வகுக்க வேண்டும்: 0.117/1.117 = 0.105. முதலில் 0.95 ஆக இருந்த ஐயம், ஒரு சொல் கூட அழியாமலே 0.105 ஆக இறங்கிவிட்டது. மடல் பிழைத்தது! சொற்கள் ஒன்றையொன்று சாராமல் வருவதாக இக்கணக்கு கருதிக்கொள்கிறது. அது உண்மையன்று, 'தேர்வு' வரும் மடலில் 'ஆய்வகம்' வர வாய்ப்பு மிகுதி. ஆயினும் இந்த முரட்டுக் கணக்கு நடைமுறையில் வியக்கத்தக்க அளவு நன்றாக வேலை செய்கிறது. உராய்வைப் புறக்கணித்துவிட்டு ஊசலின் அலைவுகாலத்தைக் கணிக்கிறோம் அல்லவா, அது போலத்தான்.

நிரல் தானே கற்கும்போது நாம் நினைத்தும் பாராத சொற்கள் மேலே வருகின்றன. கிரகாமின் பட்டியலில் 'எஃப்எஃப்0000' என்ற குறியீடு, ஆபாசச் சொற்களுக்கு இணையான குப்பைச் சான்றாக நின்றது. அது வேறொன்றுமில்லை, எழுத்தைப் பளிச்சென்ற சிவப்பு நிறத்தில் காட்டச் சொல்லும் குறியீடு. மறுபக்கம், 'இன்றிரவு' என்பதற்கான ஆங்கிலச் சொல் நல்ல மடலின் அடையாளமாக அமைந்தது. சிவப்பு மையில் கத்துபவன் அந்நியன். இன்றிரவு வருகிறேன் என்பவன் நண்பன். இந்த நுட்பத்தை எந்த மனிதர் விதியாக எழுதியிருப்பார்?

எந்தத் தவறு பெரிய தவறு?

வடிகட்டி இரண்டு விதமாகத் தவறலாம். குப்பையை உள்ளே விடலாம். நல்லதை வெளியே எறியலாம். முதல் தவறு நடந்தால் உங்களுக்குத் தெரியும். ஒரு நொடியில் அழித்துவிடுவீர்கள். இரண்டாவது தவறு நடந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. எங்கள் மாணவிக்கு நேர்ந்தது இரண்டாவது. ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, 'எங்கள் வடிகட்டி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி' என்று எவரேனும் சொன்னால், மீதி ஒன்று எந்த வகை என்று கேளுங்கள்.

கிரகாம் இதை உணர்ந்திருந்தார். நல்ல மடல்களில் ஒரு சொல் வந்த எண்ணிக்கையை வேண்டுமென்றே இரண்டால் பெருக்கினார். தராசின் ஒரு தட்டில் விரலை வைப்பது போல் இது. ஆனால் நல்லதைக் காக்கும் பக்கத்தில் வைத்த விரல். நிகழ்தகவு 0.9க்கு மேல் போனால்தான் குப்பை என்றார். ஆயிரம் குப்பை மடல்களில் ஐந்துக்கும் குறைவாகவே தப்பின, நல்ல மடல் ஒன்றுகூடப் பறிபோகவில்லை என்று அக்கட்டுரையில் எழுதினார்.

ஆயினும் அவர் முறையில் ஒரு குறை இருந்தது. பெருக்கிக்கொண்டே போனால் விடை 0க்கோ 1க்கோ மிக அருகில் ஓடிவிடும். இரண்டு பக்கமும் வலுவான சான்று இருக்கும் மடலிலும் நிரல் முழு உறுதியுடன் ஏதோ ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடும். பைத்தான் மொழியின் நிரலாளரான டிம் பீட்டர்சும் நண்பர்களும் 2002இல் ஸ்பேம்பேய்ஸ் என்ற திறந்த மூல நிரலைத் தொடங்கியபோது, கேரி ராபின்சன் என்பவர் சொன்ன மாற்று வழியை எடுத்துக்கொண்டார்கள். ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் கண்ட முறை ஒன்றைக் கொண்டு, 'இது குப்பை என்பதற்கு எவ்வளவு சான்று', 'இது நல்லது என்பதற்கு எவ்வளவு சான்று' என இரண்டையும் தனித்தனியே கணக்கிடுவது அவ்வழி. இரண்டும் ஒருங்கே மிகுந்தாலும், இரண்டும் குறைந்தாலும், விடை நடுவில் வந்து நிற்கும். 0.20க்குக் கீழே நல்லது, 0.90க்கு மேலே குப்பை, இடைப்பட்டது 'ஐயம்'. ஐயமானவற்றைத் தனிப் பெட்டியில் வைத்து, 'ஐயா, இதை நீங்களே பாருங்கள்' என்று உங்களிடம் கொடுத்துவிடும்.

ஆய்வகத்தில் அளவீட்டுடன் பிழையின் எல்லையையும் எழுதச் சொல்லி உங்கள் ஆசிரியர் வற்புறுத்துகிறார் அல்லவா? அந்த மனப்பான்மை உள்ள வடிகட்டி இது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவியை நான் நம்புவேன்.

மூடியைத் திறந்து வைத்தால் திருடன் பார்க்கமாட்டானா?

இக்கேள்வி உங்களுக்கு வந்திருக்க வேண்டும். நிரல் திறந்திருந்தால் குப்பை அனுப்புகிறவனும் படிப்பான். தப்பும் வழி தேடுவான். படித்தார்கள்; தேடவும் செய்தார்கள். சொற்களில் எழுத்துக்குப் பதில் எண்ணைச் செருகினார்கள். மடலின் அடியில் தொடர்பற்ற நல்ல சொற்களைக் கொட்டி வைத்தார்கள். எழுத்தையே விட்டுவிட்டுப் படமாக அனுப்பினார்கள். விதி எழுதும் முறையில் இது பெரிய இடர்தான்.

ஆனால் எண்ணிக் கற்கும் முறையில், நிரல் வேறு, நிரல் கற்ற சொற்பட்டியல் வேறு. நிரல் ஊருக்கெல்லாம் பொது. பட்டியல் உங்கள் மடல்களிலிருந்து பிறந்தது. உங்கள் கணிப்பொறியிலேயே இருப்பது. பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். உங்கள் சாவியின் பற்கள் உங்களுக்கு மட்டுமே தெரியும். உங்கள் மடல்களில் 'ஊசல்' என்ற சொல் நன்மையின் அடையாளம் என்பதைத் தொலைவில் இருப்பவன் எப்படி அறிவான்? பெரிய சேவைகளில் கோடிக்கணக்கானோரின் மடல்களிலிருந்து நிரல் கற்கிறது. அதன் வலிமை பெரிது, மறுக்கவில்லை. புதிய மோசடி ஒன்று கிளம்பினால் ஒருவரிடம் கற்றதை எல்லாரிடமும் உடனே பயன்படுத்தலாம். ஆயினும் உங்கள் ஒருவருடைய மாமாவை அது அறிவது அரிது.

பரிசும் பரிசோதனையும்

இரண்டாமாண்டு மாணவர் மூவர் ஒரு விடுமுறையில் என்னுடன் சேர்ந்து இக்கணக்கைப் பைத்தானில் எழுதிப் பார்த்தார்கள். அறுபது வரிகூட ஆகவில்லை. ஆங்கில மடல்களில் ஒழுங்காக வேலை செய்தது. தமிழ் மடல்களைக் கொடுத்தோம். பரிசோதனைக் குறிப்பேடுகளைத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லி நான் அனுப்பியிருந்த மடலைக் குப்பை என்று தள்ளிவிட்டது! மாணவர் மூவருக்கும் மகிழ்ச்சி தாங்கவில்லை. "சார், நிரல் சரியாத்தான் சொல்லுது" என்றான் ஒருவன்.

மூடியைத் திறந்தோம். நிரல் கற்றிருந்த சொற்பட்டியலை அச்சிட்டுப் பார்த்தால் அதில் தமிழ்ச் சொல் ஒன்றுமே முழுதாக இல்லை. 'பர', 'ச', 'தன' என்று துண்டு துண்டாகக் கிடந்தன. காரணம் சிறிது யோசித்தபின் விளங்கியது. மடலைச் சொற்களாக வெட்ட, பைத்தானில் 'சொல்லெழுத்து' என்பதைக் குறிக்கும் ஆயத்தக் குறியீட்டைப் பயன்படுத்தியிருந்தோம். கணிப்பொறிக்குள் 'ரி' என்பது ஓர் எழுத்தன்று. 'ர' ஒன்று, அதன்மேல் வளையும் இகரக் குறி ஒன்று. யூனிகோடு அட்டவணையில் அந்தக் குறி 'எழுத்து' என்ற வகையில் இல்லை. 'சேரும் குறி' என்ற வகையில் இருக்கிறது. ஆகவே பைத்தானின் அந்தக் குறியீடு, குறி வந்த இடத்தில் எல்லாம் சொல் முடிந்துவிட்டது என்று வெட்டிவிடுகிறது. 'பரிசு' என்பது 'பர', 'ச' ஆகிறது. 'பரிசோதனை' என்பது 'பர', 'ச', 'தன' ஆகிறது. பரிசு தருவதாக ஏமாற்றும் மடல்களில் கற்ற ஐயம் முழுவதும் எங்கள் பரிசோதனையின் தலையில் வந்து விழுந்தது!

நிரலை எழுதியவர் எவருக்கும் தமிழ்மீது பகை இல்லை. ஆங்கிலத்தில் உயிர்க்குறி என்று ஒன்று இல்லாததால் அவர்கள் நினைக்கவில்லை, அவ்வளவே. மூடிய நிரலாக இருந்திருந்தால் தமிழ் மடல் ஏன் குப்பைக்குப் போகிறது என்று நாங்கள் வியந்துகொண்டே இருந்திருப்போம்.

ஆகவே மாணவர்களே, உங்கள் முன் ஒரு வேலையை வைக்கிறேன். தமிழ் மடலைச் சொற்களாகப் பிரித்துத் தரும் சிறிய மென்பொருள் கூறு ஒன்றை எழுதுங்கள். எந்த வடிகட்டியிலும் செருகத்தக்கதாக, திறந்த உரிமத்துடன். முதல் படி எளிது: யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களுக்குள் வரும் எதையும் வெட்டாதே என்று ஒரு வரி. அடுத்தது, 'சோ' போன்ற எழுத்துகளில் உள்ள ஓகாரக் குறி. அதனை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. கணிப்பொறிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். இவற்றை ஒன்றாக்க யூனிகோடிலேயே சீராக்கும் முறை இருக்கிறது. பைத்தானிலும் ஆயத்தமாகக் கிடைக்கிறது.

கடினமான பகுதி இதன் பிறகுதான். 'பரிசு, பரிசை, பரிசுக்கு, பரிசாக' என்று ஒரே சொல் பல வடிவம் எடுக்கிறது. தனித்தனியே எண்ணினால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் எண்ணிக்கை சிறுத்துவிடும். சரி, எல்லாவற்றுக்கும் பொதுவான முன்பகுதியை மட்டும் எடுப்போம் என்றால் 'பரிச்' என்பதே மிஞ்சும். அதற்குள் பரிசோதனை மறுபடியும் வந்து நுழைந்துவிடும், ஆற்றில் போகும் பரிசலும் கூடவே வரும்! ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்தீர்களே, அந்த உருபுகளைச் சொல்லின் கடைசியிலிருந்து கழற்ற நிரலுக்குக் கற்றுத்தர வேண்டும். எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக் கூடாது என்பதில் எங்கள் குழுவில் இன்னும் சண்டை தீரவில்லை. 'மலை' என்ற சொல்லின் ஐகாரத்தை வேற்றுமை உருபு என்று எண்ணி எங்கள் நிரல் ஒருநாள் 'மல்' ஆக்கிவிட்டது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவோரின் மடல்களை நாங்கள் இன்னும் தொடவே இல்லை. ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்.

தொடங்குமுன் பென்சிலால் ஒரு கணக்குப் போடுங்கள். மேலே கண்ட மடலில் 'பரிசு', 'தேர்வு', 'ஆய்வகம்' மூன்றையும் சேர்த்து 0.105 கிடைத்தது. அதே மடலில் 'வாழ்த்துகள்' என்ற சொல்லும் இருக்கிறது என்று கொள்ளுங்கள். அது 100 குப்பை மடல்களில் 27இலும், 100 நல்ல மடல்களில் 3இலும் வந்திருக்கிறது. விகிதத்தைப் பெருக்கி, நிகழ்தகவாக மாற்றிப் பாருங்கள். விடை 0.51 வரும். அந்த மடலை எந்தப் பெட்டியில் வைப்பீர்கள்?